ஈரக்கல் மாளிகையின் கடைசி அறை

குளியலறைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தவன், தோளில் துண்டோடு காத்துக்கொண்டிருந்த அத்தானிடம், "எனக்கு வேற ஊர்ல வேலை கெடைச்சிருக்கு அத்தான்" என்று போட்டு உடைத்தேன் அல்லவா, அங்கேதான் போன வாரம் நிறுத்தியிருந்தேன்.

அத்தான் குளிப்பதையே மறந்துவிட்டார். துறைமுக ஊர், கப்பல் பழுதுபார்க்கும் பட்டறை, நான் படித்த வெல்டிங் வேலையேதான், தங்க இடமும் அவர்களே தருகிறார்கள், வியாழக்கிழமை சேர வேண்டும். எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள உங்கக்காகிட்ட நீயே சொல்லிடு மாப்ள. என் வாயைப் பத்தி உனக்கே தெரியும். அதுக்கு மேல தாங்காது."

சொல்லியிருக்கலாம். நல்ல செய்திதானே. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு பெரிய சமையல்கூடத்தில் தட்டு கழுவிக்கொண்டிருக்கிறவனுக்குப் படித்த வேலை கிடைப்பது சின்ன விஷயமா. ஆனால் அக்காவின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் வேறு எதையாவது பேசிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

காரணம் இரண்டு. ஒன்று, நான் படுக்கிற ஸ்டோர் ரூம். அக்கா தையல் கடையில் ஆல்டரேஷன் வேலை பார்க்கிறாள். வீட்டுக்கும் வேலை எடுத்து வருவாள். அவளுடைய துணி உருளைகள் இருந்த அறையைத்தான் எனக்காகக் காலி செய்தாள். அந்த உருளைகள் இன்றும் அவர்கள் படுக்கையறையில், உட்கார நாற்காலி கிடைக்காத விருந்தாளிகள் மாதிரி சுவரோடு சுவராக நிற்கின்றன. அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

இரண்டாவது காரணம் அத்தான். போன வாரம் அதே காலையில்தான், நான் கதவைத் திறப்பதற்குச் சற்று முன், "மூணு பேருக்கு ஒரு பாத்ரூமை வெச்சிக்கிட்டு மனுஷன் என்னதான் பண்றது" என்று அவர் சலித்துக்கொண்டார். அடுப்பங்கரையிலிருந்த அக்காவின் காதில் அது விழுந்தது. நல்லவேளை, அதற்கப்புறம் நான் சொன்னது குக்கர் விசிலில் அமுங்கிப்போனது. இப்போது நான் கிளம்புகிறேன் என்றால் அவள் இரண்டையும் இரண்டையும் கூட்டிக்கொள்வாள். அத்தான் கதை முடிந்தது. அது அத்தானுக்கும் தெரியும்.

எங்கள் வீட்டைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். உள்ளே நுழைந்ததும் பக்கத்தில் அவர்களுடைய படுக்கையறை, நேரே நீளமாக ஒரு நடை. அதன் நடுவில், கட்டியவர் எதையோ மறந்து கடைசியில் சொருகியது போல ஒரு தூண். அத்தானின் தோள் அதில் இடிக்காத நாள் கிடையாது. தூணைத் தாண்டினால் சமையலறைக் கதவு. அதைத் திறந்தால் நேராகப் போய்க் குளியலறைக் கதவில் முட்டும். சமைப்பவர் கதவைத் திறந்து வைத்துவிட்டால் குளிப்பவர் உள்ளே சிறை. நடையின் கடைசியில் வலது பக்கம் திரும்பினால் என் ஸ்டோர் ரூம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஞாயிறு என்றால் எங்கள் வீட்டில் பகடை.

அது அக்கா செய்த தப்பில் வந்த பழக்கம். பழைய சாமான் கடை ஒன்றில் ஒரு பெட்டி நிறைய வண்ண வண்ணமாக, பல முகங்கள் வெட்டிய சின்னக் கட்டிகளைப் பார்த்திருக்கிறாள். கோட்டுக்குத் தைக்கிற விசேஷப் பட்டன் என்று நினைத்து ஆசையாக வாங்கி வந்துவிட்டாள். வீட்டில் வந்து பார்த்தால் ஒன்றிலும் ஓட்டை இல்லை. அடியில் ஒரு புத்தகம் இருந்தது. ஒருவர் கதை சொல்ல வேண்டும், மற்றவர்கள் அதற்குள் வீரர்களாகப் போக வேண்டும், வாளை வீசினால் படுமா படாதா என்பதைப் பகடை சொல்லும். அப்படி ஒரு விளையாட்டு.

நான் அப்போதுதான் வந்திருந்தேன். வேலையிடத்தில் பேச்சு புரியாது. வீட்டில் பேசப் பயம். தண்ணீர் குடிக்கக்கூட அனுமதி கேட்பேன். புத்தகத்தைப் படித்த அக்கா, கதை சொல்கிறவர்தான் ஓயாமல் பேச வேண்டும் என்று தெரிந்ததும் என்னைக் காட்டினாள். அத்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

"இவனா? நம்ம வீட்டு குக்கர்கூட இவனைவிட ஜாஸ்தி பேசுமேடி."

முதல் ஞாயிறு நான் சொன்ன காட்டுக் கதை மூன்றே வாக்கியத்தில் முடிந்துபோனது. இருவரும் பிரமாதம் என்றார்கள். பச்சைப் பொய். ஆனால் அந்தப் பொய்யை நம்பித்தான் அடுத்த ஞாயிறு கொஞ்சம் கூடப் பேசினேன். அதற்கடுத்த ஞாயிறு ஒரு கோட்டையைக் கட்டினேன். இன்று நான் வாயைத் திறந்தால் மூடச் சொல்லி அத்தான் கெஞ்சுகிறார். அந்த மேசையில்தான் எனக்குக் குரல் வந்தது.

அதனால் கிளம்புவதற்கு முன் அக்காவுக்கு ஒரு நல்ல ஆட்டம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று நினைத்தேன். அவளே கேட்டிருந்தாள். டிராகனும் புதையலும் போதும், நிஜமாகவே வயிற்றைக் கலக்குகிற மாதிரி ஒன்று செய் என்று. கரப்பான்பூச்சிக்குப் பயந்து விளக்கை அணைக்காமல் தூங்குகிறவள் கேட்கிற ஆட்டமா இது.

என் திட்டம் இதுதான். நன்றாகப் பயமுறுத்த வேண்டும். பயந்து முடித்தவர்கள் கண்டிப்பாகச் சிரிப்பார்கள். சிரிக்கிற நேரம் பார்த்து, பேச்சோடு பேச்சாக, வியாழக்கிழமை என்று சொல்லிவிட வேண்டும்.

வாரம் முழுக்கத் தட்டு கழுவும் இடத்தில் நின்றபடியே மாளிகையைக் கட்டினேன். கை ஈரம் என்பதால் எதையும் எழுதவோ வரையவோ முடியாது. கைபேசியைப் பிளாஸ்டிக் பையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாயால் சொல்வேன். அது தானே எழுதிக்கொள்ளும். பேய்க்கதைக்கு ஏற்றபடி குரலை இழுத்து, தாழ்த்திச் சொல்லிப் பார்த்தேன். தமிழ் தெரியாத மேற்பார்வையாளர் அம்மா அருகில் வந்து, வீட்டில் யார் தவறிவிட்டார்கள் என்று சைகையில் கேட்டு, என்னைக் கொஞ்ச நேரம் உட்கார வைத்தார்.

பெயர் ஈரக்கல் மாளிகை. குடும்பம் மொத்தமும் மாண்டுபோய் எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. ஆனாலும் பொழுது சாயும்போது உள்ளேயிருந்து ஒரு மணி அடிக்கும். யார் அடிப்பது என்று பார்க்க இரண்டு வீரர்கள் ஒரே ஒரு விளக்கோடு நிலவறைக்குள் இறங்குகிறார்கள்.

பேயைக் காட்டினால் பயம் போய்விடும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அதனால் ஒரு கயிறு வைத்தேன். மணியின் கயிறு. முதல் அறையிலேயே அது கண்ணில் படும். தரையில் ஒரு ஓட்டை வழியாகக் கீழே இறங்கி, அறை அறையாகப் போய்க்கொண்டே இருக்கும். எங்கே முடிகிறது என்பது மட்டும் கடைசி வரை தெரியாது. ஒவ்வொரு அறையிலும் கண்ணுக்கு ஒன்று, காதுக்கு ஒன்று, மூக்குக்கு ஒன்று. ஒவ்வொரு அறைக்கும் விளக்கில் கொஞ்சம் எண்ணெய் குறையும்.

கயிற்றின் நுனியில் யார்? பிணத்தை வைத்துப் பார்த்தேன். எலும்புக்கூட்டை வைத்தேன். முகமில்லாத சீமாட்டியை வைத்தேன். எல்லாமே மாறுவேடப் போட்டிக்கு வந்த ஆட்கள் மாதிரி இருந்தன. கடைசியில் யாரையும் வைக்கவில்லை. சின்ன அறை. ஒழுங்காக மடித்து வைத்த படுக்கை. இன்னும் ஆடிக்கொண்டிருக்கும் கயிறு. இப்போதுதான் யாரோ எழுந்து போயிருக்கிறார்கள். அவ்வளவுதான்.

அதைச் சொன்னபோது வெந்நீரில் கை வைத்திருந்த எனக்கே புல்லரித்தது. ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

மதியச் சாப்பாடு முடிந்ததும் திரைச்சீலைகளை இழுத்துவிட்டோம். அத்தான் லிஃப்ட் மெக்கானிக். வேலைக்கு எடுத்துப் போகும் டார்ச்சின் மேல் அக்கா ஒரு சிவப்புத் துண்டுத் துணியைச் சுற்றினாள். மேசை முழுக்க ரத்தச் சிவப்பு. எண்ணெய்க்குக் கணக்காகத் தன் டப்பாவிலிருந்து கறுப்புப் பட்டன்களை எடுத்து வரிசையாக வைத்தாள். அறைக்கு ஒன்றாகத் தட்டில் போட வேண்டும்.

இன்னொரு பழக்கமும் எங்களுக்கு உண்டு. கதை சொல்கிறவன் படம் காட்டக் கூடாது. நான் வாயால் சொல்வேன். அதைக் கேட்டு அக்கா தன் தையல் வரைதாளில் வழியைப் போட்டுக்கொண்டே வருவாள். அந்தத் தாளை நான் எட்டிப் பார்க்கக் கூடாது. அவளுக்கு அளவு சொல்லாவிட்டால் ஆகாது. எத்தனை அடி அகலம், கதவு எந்தப் பக்கம் திறக்கும், எல்லாம் கேட்பாள். நானும் சளைக்காமல் சொல்வேன்.

தொடக்கம் பிரமாதமாகப் போனது. நிலவறைக்கு இறங்கும் இரும்புக் கூண்டைச் சொன்னதும் அத்தான் கையைத் தூக்கினார். எத்தனை ஆள் தாங்கும், கடைசியாக யார் சர்வீஸ் செய்தார்கள் என்று கேட்டார். சர்வீஸ் செய்தவர் கூண்டின் அடியிலேயே எலும்பாகக் கிடக்கிறார் என்றேன். அத்தான் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்திவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

அடுத்த அறையில் சீமாட்டியின் ஓவியம். கண்கள் ஆளைத் தொடரும். அக்கா பயப்படுவாள் என்று பார்த்தால், சட்டைக் கை தோளில் சுருக்கம் விழுகிறதே, யார் தைத்தது என்றாள். சீமாட்டிக்குக் கோபம் வந்து படத்திலிருந்து இறங்கினாள். அக்கா வாளை எடுக்கவில்லை. சரி செய்து தருகிறேன், திரும்பி நில்லுங்கள் என்றாள். பகடையை உருட்டினால் இருபது, அதற்கு மேல் எண்ணே கிடையாது. ஆவிக்கு அளவெடுத்து வழிவிட வைத்த வீராங்கனை உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அப்புறம்தான் நடைக்கு வந்தோம்.

நீண்ட நடை என்றேன். பாதியில் ஒரு கல்தூண் வழியை மறித்து நிற்கிறது, இருட்டில் வருகிறவர் தோளில் இடிக்கும் என்றேன். அத்தான் தன்னையறியாமல் தோளைத் தடவிக்கொண்டார். அக்காவின் பென்சில் ஒரு நொடி நின்று, பிறகு நகர்ந்தது.

தூணைத் தாண்டினால் இரண்டு கதவுகள். இடது கதவைத் திறந்தால் அது வலது கதவில் போய் முட்டும். அந்தப் பக்கம் யாரோ மாட்டிக்கொண்டு உள்ளிருந்து தட்டுகிற சத்தம்.

"துண்டோட நிப்பான் பாவம்" என்றார் அத்தான்.

நான் சிரிக்கவில்லை. கதை கெட்டுவிடும் என்ற கவலை எனக்கு. அக்காவும் சிரிக்கவில்லை. அதன் பிறகு அவள் அளவு கேட்கவே இல்லை என்பது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது. நான் வாயைத் திறக்கும் முன்பே பென்சில் போய்க்கொண்டிருந்தது.

"அடுத்து வலது பக்கந்தானே திரும்பணும்?" என்றாள்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். சும்மாதான் என்றாள். அந்த அறைக்கும் ஒன்றைத் தட்டில் போட்டாள். வரிசையில் ஒரே ஒரு பட்டன் மிச்சம்.

கடைசி அறைக்காக வைத்திருந்த குரலை எடுத்தேன். கதவு தானாகத் திறக்கிறது. சின்ன அறை. ஜன்னல் இல்லை. துணி இருந்த வாசனை. மூலையில் மடித்து வைத்த படுக்கை, அதன் மேல் மடித்து வைத்த போர்வை. கயிறு இன்னும் ஆடுகிறது. அங்கே யாரும் இல்லை.

சொல்லிவிட்டு நிறுத்தினேன். இப்போது அலறுவாள், பிறகு சிரிப்பாள் என்று காத்திருந்தேன்.

அக்கா அலறவில்லை. தாளை அப்படியே என் பக்கம் திருப்பி வைத்தாள்.

எங்கள் வீடு.

ஓர் அங்குலம் பிசகாமல் எங்கள் வீடு. நுழைவாசல், சீமாட்டி இருந்த இடத்தில் அவர்களுடைய படுக்கையறை, நடை, தூண், ஒன்றில் ஒன்று முட்டும் கதவுகள், கடைசியில் வலது பக்கம் ஸ்டோர் ரூம். பத்து மடங்கு பெரிதாக்கியிருந்தேன், அவ்வளவுதான். வாரம் முழுக்க வாயாலேயே சொல்லிக்கொண்டிருந்தவன் ஒரு தடவையாவது கோடு போட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

"எப்பக் கெளம்புற?" என்றாள் அக்கா, ஆளில்லாத அந்தக் கடைசி அறையில் விரலை வைத்து.

டார்ச் உருண்டது. அதைப் பிடிக்கும் சாக்கில் அத்தான் மேசைக்கு அடியில் போய்விட்டார்.

"வியாழக்கிழமை" என்றேன்.

அக்கா மேசைக்கு அடியில் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியும்."

"பாத்ரூம் வாசல்ல வெச்சு சொன்னான்" என்று கீழேயிருந்து குரல் வந்தது. சொன்ன பிறகுதான் தான் உச்சரித்த இடம் என்ன என்பது அத்தானுக்குப் புரிந்தது போல. அவர் மேலே வரவில்லை.

"ஓ. அப்ப அன்னிக்கு நீங்க பேசுன பேச்சுதான் வேலை செஞ்சிருக்கு."

எதற்குப் பயந்தேனோ அதுவே வந்துவிட்டது. பழைய ஆளாக இருந்தால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போயிருப்பேன், அதுவும் அனுமதி கேட்டு. ஆனால் அது பகடை மேசை. அங்கே பேசித்தான் பழக்கம்.

அத்தானுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றேன். வெல்டிங் வேலை என்றேன். பட்டறை, கப்பல், தங்கும் அறை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் அந்தச் சின்ன அறையின் மேல் இருந்தது.

"பேய் ரூமாடா அது ஒனக்கு?"

"இல்லக்கா. பெரிய மாளிகை ஒண்ணு வேணும்னு கண்ணை மூடினேன். வேற எந்த வீடும் வரல. இருட்டுல சுவத்தைத் தடவாம நடக்கத் தெரிஞ்ச ஒரே வீடு எனக்கு இதுதான்."

அத்தான் மெதுவாக மேலே வந்தார். முகம் சிவப்பு வெளிச்சத்தில் என்னவோ போல இருந்தது. கடைசி அறையிலிருந்து எழுந்து போனவன் நான்தான், அதனால்தான் எனக்குப் புல்லரித்தது என்பதெல்லாம் அப்போதுதான் எனக்கே விளங்கியது.

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள். கதைக்குள் இருக்கும் வீராங்கனையின் குரலில், விளக்கில் எவ்வளவு எண்ணெய் மிச்சம் என்று கேட்டாள்.

ஒரு பட்டன் என்றேன்.

திரும்பி வருகிற வழி முழுக்க ஒரு பட்டன் போதும் என்பது விதி, அது வேண்டும் என்று அத்தான் நினைவூட்டினார்.

அக்கா அந்தக் கடைசிப் பட்டனை எடுத்தாள். தட்டில் போடவில்லை. தாளில் இருந்த சின்ன அறையின் நடுவில் வைத்து, விரலால் ஒரு அழுத்து அழுத்தினாள்.

"வெளக்கை இங்கயே வெச்சிட்டு வர்றோம். போனவங்க திரும்பி வந்தா இருட்டா இருக்கக் கூடாது."

விதி விதிதான். விளக்கு இல்லாமல் மாளிகை முழுவதையும் இருட்டில் கடக்க வேண்டும், ஒவ்வொரு அறைக்கும் பகடை உருட்ட வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன்.

"தூண் எங்க இருக்குன்னு எங்களுக்குத் தெரியும்டா" என்றாள்.

பகடையை யாரும் தொடவில்லை. அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். இடது கதவைச் சாத்துகிறேன், வலது கதவைத் திறக்கிறேன், உள்ளே நிற்கிறவனை வெளியே விடுகிறேன், அவனுக்கு ஒரு துண்டும் தருகிறேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே நடந்தார். அக்கா அப்போதுதான் சிரித்தாள். நான் திட்டம் போட்ட சிரிப்பு இல்லை அது. சிரிப்பும் அழுகையும் ஒரே மூக்கு வழியாக வந்தன. சீமாட்டி படத்துக்குள்ளிருந்தே வழியனுப்பினாள். இரும்புக் கூண்டு, அத்தான் எண்ணெய் போட்டுவிட்டதால், சத்தமே இல்லாமல் மேலே வந்தது.

இந்த இருவருக்கும் நான் எப்படி நன்றி சொல்வது. சொன்னால் அக்கா திட்டுவாள். போன மாதம் ஒருமுறை சொல்லிப் பார்த்தபோது, நன்றியெல்லாம் வெளி ஆளுக்குச் சொல்வது, போய்க் குப்பையைக் கொட்டிவிட்டு வா என்று அனுப்பிவிட்டாள். கொட்டிவிட்டு வந்தேன். அதுதான் எங்கள் வீட்டில் நன்றிக்கு ரசீது.

திரைச்சீலையை விலக்கினோம். வெயில் உள்ளே வந்தது. அத்தான் டீ போடப் போனார். போகும் வழியில் தோளைத் தூணில் இடித்துக்கொண்டார். தெரிந்த தூண்தான். உன் வேலைச் சட்டை இரண்டையும் எடுத்து வை, பட்டறைக்குக் கை நீளம் போதாது, இறக்கித் தருகிறேன் என்றாள் அக்கா. சம்மதம் என்று அவள் சொன்னது அப்படித்தான்.

மேசையை ஒழுங்கு செய்யும்போது அந்தத் தாளை மடிக்கப் போனேன். ஊருக்கு எடுத்துக்கொண்டு போகலாம் என்று ஆசை. அப்போதுதான் கவனித்தேன். அவர்களுடைய படுக்கையறையை ஒட்டி, சுவரோடு சுவராக, ஒரு சின்னக் கட்டம் போட்டிருந்தாள். அதற்கு ஒரு கதவும் இருந்தது. நிஜ வீட்டில் அந்த இடத்தில் ஒன்றும் கிடையாது, துணி உருளைகள்தான் நிற்கின்றன.

"அக்கா, இது என்ன ரூம்? நான் சொல்லவே இல்லையே."

டீயோடு வந்த அத்தான், தன் வாயை நம்பாதவர் போல, வந்த வழியே திரும்பிச் சமையலறைக்குள் போனார்.

"நீ சொல்லல. நாந்தான் போட்டேன்" என்றாள் அக்கா. பென்சிலை எடுத்து அந்தச் சின்னக் கதவை இன்னொரு முறை அழுத்தி வரைந்தாள். "அடுத்த ஞாயித்துக்கிழமை தொறக்கலாம். அந்த ஊர்லருந்து ரயில் இருக்குல்ல?"

இருக்கிறது என்றேன்.

உள்ளே என்ன என்று கேட்டுப் பார்த்தேன். அடுத்த ஞாயிறு கதை சொல்வது நான், கதை சொல்கிறவர் முன்கூட்டிச் சொல்லக் கூடாது, அது நீ போட்ட விதி என்றாள்.

மாளிகையைக் கட்டியவன் நான். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் என்ன என்று எனக்குத்தான் தெரியும். தெரியாத கதவு என்று முதல்முறையாக ஒன்று என் முன்னால் நின்றது. என் கை தானாகப் பகடையைத் தேடியது.

அக்கா அதை ஏற்கெனவே பட்டன் டப்பாவுக்குள் போட்டு, மூடியை இறுக்கியிருந்தாள்.